இருவருக்கு ஒரு புத்தகக் கட்டு

போன மாதம் ராஜபாளையத்துக் கல்யாண மண்டபத்தில் நம் வகுப்பு கூடியபோது எனக்கு ஒரு சால்வை போட்டீர்கள். அதற்கு முன் மைக்கைப் பிடித்துப் பேசியவள் என் சேக்காளி. ஐம்பது வருடத்துக்கு மேலாக என் சேக்காளி. "இவ மட்டும் இல்லேன்னா நான் இந்நேரம் வரைக்கும் தார் சுத்திக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். ஞாயித்துக்கெழமை தவறாம புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டுத் தறிக்கூடத்துக்கு வருவா. சேக்காளின்னா இவதான்" என்றாள். நீங்கள் கைதட்டினீர்கள். அன்றைக்கும் கடைசி பெஞ்சில் அடங்காதவள் இன்றைக்கும் அடங்காமல் விசில் அடித்தாள். மூட்டு வலியோடும் மாத்திரை டப்பாவோடும் வந்திருந்த இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு, போட்டோவுக்குச் சிரித்துவிட்டு, பந்தியில் போய் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன்.

நட்பு எப்படி உண்டாகிறது, எது அதைக் கட்டிக் காக்கிறது என்று ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதச் சொல்லி, வகுப்பு நினைவு மலரில் முதல் கட்டுரை என்னுடையது என்றும் முடிவு செய்திருக்கிறீர்கள். எழுதிவிட்டேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. மலரில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். ஆனால் ஒருத்தி விடாமல் எல்லாரும் படிக்க வேண்டும். நான் செய்த கேவலமான காரியம் ஒன்று இதில் இருக்கிறது. அதற்கான பழியை இத்தனை வருடம் வேறொருவர் சுமந்தார்.

நாம் எட்டாம் வகுப்புக்குப் போன வருடம் ஞாபகம் இருக்கிறதா? பாடம் மாறிய வருடம். அக்காமார்களின் பழைய புத்தகம் உதவாது என்றாகிவிட்டது, புதுப் புத்தகம் கடைக்கு வந்தபாடில்லை. ஒருவழியாக வந்தபோது எல்லாருக்கும் போதவில்லை. வகுப்பு டீச்சர் புத்தகங்களை மேசைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கு ஒரு செட்டு. பக்கத்துப் பக்கத்துத் தெருவாப் பாத்துச் சேந்துக்கிடுங்க. சண்டைன்னு எங்கிட்ட வந்தீங்க, ரெண்டு பேருக்கும் கெடையாது" என்றார். எனக்குப் பின்தெருக்காரி வந்து வாய்த்தாள். அதுவரை அவளோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் அப்பா பஞ்சாலையில் ஆபீஸ் கிளார்க். அவளுடைய அய்யா அதே ஆலையில் பஞ்சு உடைக்கும் பகுதியில் ஷிப்டு வேலைக்காரர். ஆபீஸ் வீட்டுப் பிள்ளைகளும் ஷிப்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அடிகுழாயில்தான் தண்ணீர் அடிப்போம், ஆனால் குடத்தைத் தூக்கிவிட மாட்டோம்.

ஆக, எங்கள் நட்பு புத்தகத் தட்டுப்பாட்டில் உண்டானது. மனசுக்குப் பிடித்து, குணம் பார்த்துச் சேர்ந்தோம் என்று மேடையில் யாரோ சொன்னீர்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு. ஐந்து புத்தகம். ஒரு நாள் அவள் வீடு, மறுநாள் என் வீடு. அவளுடைய அம்மா மைதாப் பசை காய்ச்சி, பேண்டேஜ் துணியை நீளமாகக் கத்தரித்து, ஐந்துக்கும் முதுகில் ஒட்டிக் கொடுத்தார். பிரிக்கப் பிரிக்கக் கிழியாது. மில்லிலிருந்து வந்த கழிவு நூலைத் திரித்து அவளே கயிறு செய்தாள். பொழுது சாய்ந்ததும் அடிகுழாய் முக்கில் கட்டு கைமாறும். முதல் மாதம் முழுக்க அங்கேயே அவிழ்த்து எண்ணுவோம். "அஞ்சு இருக்கா? பொறவு என்னச் சொல்லக் கூடாது" என்பாள். "இருக்கு, இருக்கு" என்று நான் இன்னொரு தடவை எண்ணுவேன். இரண்டு பேருக்கும் அவ்வளவு நம்பிக்கை.

என்றைக்கு எண்ணுவதை நிறுத்தினோம் என்று தெரியவில்லை. ஒரு நாள் மழைத் தூற்றலில் கட்டை அப்படியே வாங்கிப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினேன். அதற்குப் பிறகு இரண்டு பேருமே எண்ணவில்லை. நாங்கள் சேக்காளிகளானது அந்த நாளில்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

வகுப்பில் அவள் மூன்றாம் வரிசை, நான் முதல் வரிசை. அதனால் எங்கள் பேச்செல்லாம் புத்தக ஓரத்தில் பென்சிலில் நடந்தது. "இந்தக் கணக்கு எனக்கு ஏறல" என்று நான் எழுதி வைத்தால் மறுநாள் பக்கத்திலேயே போட்டுக் காட்டியிருப்பாள். அவளுக்குக் கணக்கு மனசிலேயே ஓடும். இங்கிலீஷ் என்றால் வேர்த்துப்போகும். நான் ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் மேலே தமிழில் உச்சரிப்பு, கீழே பொருள் எழுதி வைப்பேன். நடுநடுவே ஊர் வம்பும் உண்டு. "மாங்கா விழுந்து கெடக்கு, நாளைக்கு உப்பு கொண்டா." "எங்கம்மாவுக்கு மேலுக்கு முடியல, ரெண்டு நாள் வர மாட்டேன்." "ஒங்க வீட்டுப் புஸ்தகம் காப்பி வாசன அடிக்குது, படிக்க விடாம பசிக்குது." அவள் வீட்டிலிருந்து வரும் கட்டில் பஞ்சு வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் இருக்கும். நான் அதை எழுதவில்லை. என் அம்மாதான் "எட்டத்துல வை, துணியில ஒட்டிரும்" என்பாள்.

அவளுடைய அய்யாவைக் கண்டால் எனக்குப் பயம். இரவு ஷிப்டு முடிந்து வந்தால் புருவத்திலும் காது முடியிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். இருமிக்கொண்டே வருவார். கண்ணுக்குத் துண்டைப் போட்டுக்கொண்டு பகலில் தூங்குவார். பேச்சு கரடுமுரடு. "பொட்டப்புள்ளைக்கு இங்கிலீஷு என்னத்துக்கு? பெயிலாயிட்டேன்னு வந்து நின்னே, மறுநாளே தார் சுத்த அனுப்பிருவேன்" என்பார். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்குக் குச்சியில் நூல் ஏற்றிக் கொடுக்கும் வேலைக்குத் தார் சுற்றுவது என்று பெயர். பள்ளிக்கூடம் நின்ற பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த மிரட்டல் மட்டும்தான் அப்போது காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் துண்டுக்குள்ளிருந்தே, "ஏட்டி, அந்த இங்கிலீஷச் சத்தமா வாசிங்க" என்பார். நாங்கள் வாசிப்போம். "என்னமோ கிளி கத்துத மாதிரி கத்துதுக" என்று சிரித்துவிட்டு, அந்தச் சத்தத்திலேயே தூங்கிப்போவார். பிள்ளை இங்கிலீஷ் படிப்பது பிடிக்காத மனிதர் அதைக் கேட்டுக்கொண்டு ஏன் தூங்குவார் என்று யோசிக்க எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது.

அரைப் பரீட்சைத் தாளைக் கொடுக்கும்போது டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தி, "ஒரே புஸ்தகத்தத்தான ரெண்டு பேரும் படிக்கீங்க? அவளுக்கு மட்டும் எப்படி ஏறுது?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நீங்கள்தான் சிரித்தீர்கள், குறை சொல்லவில்லை, நானும் உங்கள் இடத்தில் இருந்தால் சிரித்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் அம்மா விடவில்லை. "ஆபீஸ்ல வேலை பாக்குறவுக மக நீ. பஞ்சு ரூம்காரன் மகள்கிட்ட தோத்துட்டு வாரியே" என்றாள். அப்பா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அது அம்மா சொன்னதைவிட அதிகமாகச் சுட்டது.

மாசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடங்களுக்கு இடையே கணக்குப் போட்டி நடந்தது. இரண்டு பேரைக் கூட்டிப்போகலாம். அவள் ஒன்று, கூடவே நான்தான் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டு, வெளிர்நீலப் பாவாடையை மடித்துத் தலையணைக்கு அடியில்கூட வைத்தேன். டீச்சர் வகுப்பு லீடரைக் கூட்டிப்போனார். என் மார்க்குக்கு அதுதான் சரி. அவள் ஜெயித்து, ஒரு ஜியாமெட்ரி பாக்ஸோடு வந்தாள்.

மறுநாள் என் முறை. ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்தால் நான்கு பக்க ஓரமும் ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தது, தேர் நிற்கும் இடத்தில் அதன் சக்கரம் அவளைவிட உயரமாக இருந்தது, கோர்ட்டு வாசலில் கறுப்புக் கோட்டு போட்டவர்கள் டீ குடித்தது, டீச்சர் வாங்கிக் கொடுத்த பால்கோவா சுடச்சுட இருந்தது. நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள். நான் பதிலுக்கு ஒன்றும் எழுதவில்லை. "ஏன் ஒண்ணும் எழுதல? கோவமா?" என்று அடுத்த முறை எழுதியிருந்தாள். அதை ரப்பரால் அழித்தேன். காகிதம் கிழியும்வரை அழித்தேன். நேரில் பார்த்தால் சிரிப்பேன், கட்டை வாங்குவேன், கொடுப்பேன். அவளுக்கு என்ன தெரியும்?

முழுப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை. என் முறை முடிந்து கட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். நான் கயிற்றை அவிழ்த்து, ஆங்கிலப் புத்தகத்தை உருவிக்கொண்டு, மீதி நான்கையும் முன்போலவே கட்டினேன்.

கணக்குப் புத்தகத்தை எடுத்திருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆங்கிலம் இல்லாவிட்டால் தவித்துப்போவாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எந்தப் பக்கத்தில் எது வராது என்பதுகூடத் தெரியும், நான்தானே பொருள் எழுதியவள். ஒருத்தியின் பலவீனம் சேக்காளிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்துதான் எடுத்தேன். பெயிலானால் தார் சுற்ற அனுப்பிவிடுவார்கள் என்பதும் தெரியும். சின்னப் பிள்ளை, அறியாத வயது என்று நீங்கள் யாராவது சொல்ல நினைத்தால் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.

அன்று மத்தியானம் அவளும் அவள் அம்மாவும் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றுகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். அய்யா இரவு ஷிப்டு முடித்துத் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அய்யா, புஸ்தகம்" என்றேன்.

"அங்கன வச்சுட்டுப் போ தாயி."

"பரீட்சைப் புஸ்தகம் அய்யா. கையில வாங்கிக்கோங்க."

எழுந்து உட்கார்ந்து, கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். தலைமாட்டில் சுவரோரம் பத்திரமாக வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். கையில் கொடுக்க வேண்டும் என்று நான் வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு போயிருந்தேன்.

சாயங்காலம் அவள் ஓடி வந்தாள். "ஏட்டி, இங்கிலீஷக் காணோம்!"

"அஞ்சையும் ஒங்கய்யா கையிலதான குடுத்தேன்?"

என் குரல் பிசிறவே இல்லை. அவள் என் முகத்தைக்கூட உற்றுப் பார்க்கவில்லை. அப்படியே திரும்பித் தன் வீட்டுக்கு ஓடினாள். என்ன நடக்கிறது என்று பார்க்க நான் பின்னாலேயே போய் அவர்கள் சுவரோரம் நின்றேன்.

"தூக்கத்துல வாங்குனேன். எண்ணிப் பாக்கலையே" என்று அய்யா சொல்வது கேட்டது. பானை, பெட்டி, பஞ்சுத் தலையணை எல்லாம் உருளும் சத்தம். அவளுடைய அம்மா, "ராத்திரி பகலா இங்கிலீஷு வேண்டாம் வேண்டாம்னு சொன்னது நீங்கதான?" என்றார். அப்புறம் அவள் குரல். அவ்வளவு பெரிய குரல் அவளுக்கு உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. "என்னைத் தார் சுத்த அனுப்பணும்னுதான் ஒளிச்சு வச்சிட்டீக! எடுத்துக் குடுங்க!" அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. செத்த நேரம் கழித்து அவர் வெளியே வந்து, என்னைக் கவனிக்காமல், சட்டை போடாமலேயே தெருவில் நடந்து போனார்.

திங்கட்கிழமை டீச்சர் அவளைத்தான் திட்டினார். "அடுத்தவ பாதியையும் சேத்துத் தொலைச்சிட்டியே" என்றார். என்மேல் பரிதாபப்பட்டு உங்களில் இரண்டு பேர் உங்கள் புத்தகத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள். அந்த இரண்டு பேரும் இதைப் படிப்பீர்கள் என்பதை நினைத்தால் கூசுகிறது. என் வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உங்கள் புத்தகத்தில் படித்தேன். அவளை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. தொலைப்பவளுக்கு யார் கொடுப்பார்கள்?

அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் நான் அடிகுழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அய்யா பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார். இரவு ஷிப்டு முடிந்த மனிதர் தூங்காமல், ராஜபாளையத்துக் கடையெல்லாம் கேட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கடை கடையாக ஏறி இறங்கி வந்திருக்கிறார். கையில் ஒரு புதுப் புத்தகம். வாசலில் நின்ற மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா பிரித்துப் பார்த்து, "இது ஆறாங்கிளாஸ் புஸ்தகம். யாரை ஏமாத்த இந்த நாடகம்?" என்றார். அய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "இங்கிலீஷுன்னுதான கேட்டேன். இங்கிலீஷுதான குடுத்தான்?" என்று புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் வீடு அங்கிருந்து முப்பது எட்டு வைக்கும் தூரம். ஓடிப்போய் எடுத்து வந்திருக்கலாம். குடம் நிறைந்து வழிந்தது, தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவள் ஆங்கிலத்தில் பெயில்.

அய்யா அவளைத் தார் சுற்ற அனுப்பவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்து, பெரிய டீச்சர் அறை வாசலில் காத்து நின்று, இன்னொரு வருடம் அதே வகுப்பில் இருக்கட்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். அவள்தான் மறுத்தாள். "இந்த வீட்டுல என் புஸ்தகம் தங்காது. நீங்க என்ன அனுப்புறது, நானே போறேன்" என்று தறிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவரை அய்யா என்று கூப்பிடவில்லை. எங்களிடம் பேசும்போது "அந்த ஆளு" என்பாள். மகள் படிப்பைக் கெடுத்த தகப்பன் என்று அவள் சொல்ல நாமும் சொன்னோம், தெருவும் சொன்னது. மில்லில்கூட யாரோ அவரிடம் கேட்டதாக என் அப்பா வீட்டில் சொல்லிச் சிரித்தார்.

கோடை விடுமுறையில் புத்தகத்தை வெந்நீர் அடுப்பில் போட்டேன். மறுநாள் அம்மா சாம்பல் அள்ளும்போது கருகாத பேண்டேஜ் துணித் துண்டு ஒன்று வந்தது. அம்மா அதை விரலால் எடுத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சாம்பலோடு சேர்த்துக் கொட்டிவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்த வாரம், "ஒன் ஒம்பதாங்கிளாஸ் புஸ்தகத்த ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை கொண்டு போய் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்குடு" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்திருப்பாள் போல. அப்போது என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். ஆபீஸ் வீட்டு மானம் என்று ஒன்று இருந்ததே.

நீங்கள் கைதட்டிய ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் ஆரம்பித்தன. தறிச் சத்தத்தில் காதுக்குள் கத்திப் பாடம் சொல்வேன். அவள் ஒரு கை ராட்டையைச் சுற்ற, கண் புத்தகத்தில் இருக்கும். பத்தாவதைப் பிரைவேட்டாக எழுதிப் பாஸ் செய்தாள். பின்னால் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த பிறகும் விட்டுப்போகவில்லை. என் பிரசவத்துக்கு அவள் வந்து கிடந்தாள், அவள் மகள் கல்யாணத்துக்கு நான் பத்து நாள் போய் இருந்தேன்.

எது காத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அவளைப் பொறுத்தவரை பிரியம். என்னைப் பொறுத்தவரை பயம். ஒரு மாதம் போகாமல் இருந்தால் அவள் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்துவிடுவாளோ என்ற பயம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சில வருடங்களில் எனக்கே வித்தியாசம் மறந்துபோனது, அவளைப் பார்க்காவிட்டால் நிஜமாகவே தவித்தேன். அதனால் செய்தது இல்லையென்று ஆகாது.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அய்யா கடைசியில் நெஞ்சில் பஞ்சு கட்டிப் படுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். என் வீடு பக்கம் என்பதால் கஞ்சி நான் கொண்டுபோவேன். அவள் ஒரு குறையும் வைக்காமல் பார்த்தாள். ஆனால் பேச மாட்டாள். "அந்த ஆளுக்குக் கஞ்சிய ஊத்து, நான் மாத்திர வாங்கிட்டு வாரேன்" என்று அவள் போன ஒரு பகலில் அவர் என் கையைப் பிடித்தார்.

"தாயி, ஒண்ணு கேக்கட்டா? நீ அன்னைக்கு எங்கையில குடுத்தியே கட்டு, அதுல எத்தன புஸ்தகம் இருந்துச்சு?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் எடுக்கல தாயி. ஆனா தூக்கக் கலக்கம் பாரு. எங்கயும் போட்டுட்டனோன்னு எனக்கே இருக்கு. இவ்வளவு நாளா அதுதான் ஓடுது."

"ஞாபகம் இல்ல அய்யா" என்றேன். "ரொம்ப வருசமாச்சே."

"ஆமா. ரொம்ப வருசம்" என்று கையை விட்டுவிட்டார். நான்கைந்து நாளில் போய்விட்டார். தன் மேலேயே சந்தேகத்தோடு ஒரு மனிதரைப் போகவிட்டேன். அதைச் சொல்லியிருக்க ஒரு நிமிடம் போதும். அவர் என்னை என்ன செய்திருக்கப் போகிறார், எழுந்து உட்காரக்கூட முடியாதவர்.

சால்வை போட்ட பத்தாம் நாள் பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வா வா, ஒனக்குத்தான் உருவுறேன், கொண்டு போ" என்றாள். நான் உட்கார்ந்த மேனிக்குச் சொல்லிவிட்டேன். அரிசி டிரம், வெந்நீர் அடுப்பு எல்லாம் சொன்னேன்.

"ஏட்டி, என்ன சொல்லுதே?" என்றாள். இன்னொரு தடவை சொன்னேன்.

அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. கை கீரையிலேயே இருந்தது. தன் படிப்பைப் பற்றிக் கேட்பாள், தறிக்கூடத்தைப் பற்றிக் கேட்பாள் என்று பதில்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன்.

"எங்கய்யாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து ஐம்பது வருடம் கழித்துக் கேட்டேன்.

"தெரியாது."

"ஒங்கிட்ட எப்பவாச்சும் கேட்டாகளா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரிய வழியே கிடையாது. ஒரு கணம் அதையும் யோசித்தேன்.

"கேட்டாக. ஆஸ்பத்திரியில வச்சு."

"நீ என்ன சொன்னே?"

"ஞாபகம் இல்லன்னு சொன்னேன்."

அவள் கீரைக் காம்பைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நானே எல்லார்ட்டயும் சொன்னேனே. தெருவுல சொன்னேன், நம்ம கிளாசுப் பிள்ளைகட்டச் சொன்னேன், எம்புள்ளைகட்டச் சொன்னேன். பேரப்புள்ளைகள ஒரு தடவ அவிய மடியில ஒக்கார விட்டதில்ல." கீரையை ஓரமாகத் தள்ளினாள். "நீ எழுது. எனக்கு என்ன பண்ணுனேங்கிறது கெடக்கட்டும். எங்கய்யா எடுக்கலன்னு எழுது. ஒம்பேரப் போட்டு எழுது."

"சரி" என்றேன்.

"பஸ்ஸு வரும். கெளம்பு."

ஒவ்வொரு தடவையும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து, ஜன்னலோரம் இடம் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவாள். அன்று எழுந்திருக்கவில்லை. கீரையும் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

அவளிடம் எனக்காக யாரும் பேசிப் பார்க்க வேண்டாம். "வயசாயிட்டு, விட்டுத்தள்ளு" என்று அவளுக்குச் சமாதானம் சொல்லவும் வேண்டாம். அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போனால் அது அவள் உரிமை. இத்தனை வருடத்தில் நான் அவளை என்னைப் பற்றி எதையும் சரியாக முடிவு செய்ய விட்டதில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மகள் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிப்பைக் கெடுத்த தகப்பன் கதையை நீங்களும் உங்கள் வீடுகளில் சொல்லியிருப்பீர்கள். அன்று பந்தியில் என் பக்கத்து இலைக்காரிகூட, எப்பேர்ப்பட்ட தகப்பனுக்குப் பிறந்து எப்படி வந்திருக்கிறாள் பார் என்றாள், நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடம் போய் மாற்றிச் சொல்லுங்கள். அவர் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். அவள் கேட்டபடி கீழே என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.